இடது காலில் தங்கிய காற்று

இடது காலில் மட்டும் காற்று வெளியேறவில்லை.

கமால் செம்புத் தலைக்கவசத்துக்குள் தலையைச் சாய்த்து, வலக்காதோரம் இருந்த குமிழை இன்னொரு முறை இடித்தான். கொடகொடவென்று காற்று வெளியேறியது. ரப்பர் உடுப்பு நெஞ்சையும் வயிற்றையும் வலது காலையும் வந்து கவ்விக்கொண்டது. அப்படித்தான் கவ்வ வேண்டும். உடுப்பில் காற்று கூடினால் ஆள் மிதப்பான், குறைந்தால் அமிழ்வான். காலில் போய்த் தங்கிவிட்டால் தலைகீழாகத் தூக்கிவிடும். கொழும்பிலிருந்து அந்த முக்குளிப்பு உடுப்பைத் தருவித்த துரை படித்துப் படித்துச் சொன்னது அதைத்தான்.

ஆனால் இந்தக் கால் தூக்கவில்லை. உப்பிப் போயிருந்தும் கனத்தது.

லோயர் கேம்ப்புக்கு மேலே, மலை ஏரியின் அடியில், மதகு வாயில் ஒரு மரம் சிக்கிக் கிடந்தது. சங்கிலியை மாட்டினால் மேலே இருப்பவர்கள் இழுத்துக்கொள்வார்கள். மேலே நல்ல வெயில். இங்கே தண்ணீர் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது, ரப்பரும் பம்பு எண்ணெயும் கலந்த வாடை மூக்கை அடைத்தது, படகில் இருவர் மாறி மாறி அடிக்கும் கைப்பம்பின் சத்தம் குழாய் வழியே லொடக், லொடக்கென்று இறங்கிக்கொண்டே இருந்தது.

கவசத்தை மாட்டும்போது மைத்துனன் நத்தர்ஷா சொல்லித்தான் அனுப்பினான்.

"மச்சான், மாட்டுனதும் கயித்த இழுங்க. அக்கா நெறமாசம். ஒங்களுக்கு ஒண்ணுன்னா என்னைய உசுரோட விடாது."

"போடா, பிள்ளைக்குப் பேரு வைக்காம நான் எங்கயும் போகமாட்டேன்."

சங்கிலியை மாட்டிவிட்டான். அப்போதுதான் அந்த உப்பல் அசைந்தது.

தண்ணீர் புகுந்துவிட்டதோ? இல்லை, கம்பளிக் காலுறை காய்ந்தே இருந்தது. அதன்மேல் ஜில்லென்று ஏதோ ஊர்ந்து கணுக்காலைச் சுற்றிப் பிடித்தது. விரல்கள்.

குமிழைத் தொடாமல் காற்றை நிரம்ப விட்டான். உடுப்பு பூரித்தது. நெஞ்சு புடைத்தது, கைகள் விறைத்தன. எழும்பியிருக்க வேண்டும். சேற்றைவிட்டு ஒரு விரற்கடைகூட நகரவில்லை. கயிற்றை வெறிபிடித்தவன்போல் இழுத்தான், இழுத்துக்கொண்டே இருந்தான்.

மேலே தூக்கினார்கள். அவன் ஏற ஏற, அதுவும் உள்ளே ஏறியது. முழங்கால். தொடை. முதுகு. உடுப்புக்குள் இருக்கும் காற்றெல்லாம் கடைசியில் கவசத்துக்குத்தான் வரும். இதுவும் அங்கேதான் வருகிறது என்று அவனுக்குப் புரிந்தது. கழற்றி எறிய முடியாது. கழுத்து வளையத்தின் திருகுகளை மேலே இருப்பவர்கள்தான் வெளியிலிருந்து கழற்ற வேண்டும்.

பிடரியில் ஈர மயிர் பட்டது.

அழுகிய இலை வாடை. கண்ணை இறுக மூடிக்கொண்டான். அல்லா, பிள்ளை முகத்தை மட்டும் பார்த்துவிடுகிறேன்.

வெளிச்சம். படகின் ஏணி. கண்ணாடிக்கு அப்பால் நத்தர்ஷா! கமாலுக்கு அழுகையே வந்துவிட்டது. நத்தர்ஷா சிரித்துக்கொண்டே குனிந்து முகக்கண்ணாடியைத் திருகினான். அரைச் சுற்று. இடுக்கில் காற்று சீறியது.

"சீக்கிரம் கழத்துடா!"

நத்தர்ஷாவின் பார்வை கமாலின் முகத்திலிருந்து மெல்ல விலகி, அவன் இடது காதுக்குப் பின்னால் போய் நின்றது. சிரிப்பு அப்படியே உறைந்தது. கை நின்றது.

"யா அல்லா..."

கை மறுபக்கம் திருகத் தொடங்கியது.

"ஏலே! நான்தான்டா! கமால்!"

கால் சுற்று. இன்னும் கால் சுற்று. சீறல் அடங்கியது. பம்பு நின்றுவிட்டது. கமாலின் கன்னத்தோடு குளிர்ந்த கன்னம் ஒன்று வந்து ஒட்டியது.

கண்ணாடிக்கு வெளியே நத்தர்ஷா தேம்பித் தேம்பி அழுதபடி, இரண்டு கைகளாலும் அதை இறுக்கிக்கொண்டிருந்தான்.