பத்தாவது அட்டை

குடோனில் இரண்டு மணி நேரம் ஊமையாக இருந்த கருவி, வீட்டு வாசலில் கீச்சென்றது.

நிஜாமுதீன் செருப்பைக் கழற்றாமல் நின்றான். மஃரிப் தொழுகை முடிந்து தெரு அடங்கியிருந்தது. உப்பளத்துக் காற்று ஈரத்தோடு கன்னத்தில் பிசுபிசுத்தது. கருவாட்டு மூட்டைகளில் சோதித்துப் பார்க்கச் சொல்லி ஒரு கல்லூரியில் கொடுத்தனுப்பிய கருவி. கூடவே பத்து அட்டைகள். சில்லு இல்லை, பேட்டரி இல்லை. காகிதத்தில் அச்சடித்த செம்புச் சுருள், அவ்வளவுதான். அழுகல் வாடை பட்ட அட்டைக்கு நாலடி பக்கத்தில் போனால் கருவி கத்தும். நல்ல காற்றில் ஒரு நிமிஷம் காட்டினால் அடங்கிவிடும். ஒன்பது அட்டைகள் குடோனில். பத்தாவதைக் காலையிலிருந்து காணோம்.

கதவு திறந்தது. அதற்குப் பின்னாலேயே நின்றிருந்தாள் போலிருக்கிறது, ஹமீதா.

"சட்டையெல்லாம் கருவாட்டு நாத்தம். கழட்டிப் போட்டுட்டு வாங்க."

கழற்றி எறிந்தான். அப்படியும் கத்தியது. அவள் உள்ளே நடக்க நடக்கக் குறைந்தது. அவன் பின்னால் போகப் போக ஏறியது.

"அத்தா, அட்டைய நான்தான் எடுத்தேன்." ஐந்து வயது சனோபர், உள்ளே போய் உட்கார்ந்த அம்மாவின் மடியில் ஏறிக்கொண்டு சிரித்தாள். "அம்மா முதுகுல ஒட்டிட்டேன். அவங்களுக்கே தெரியாது."

வீடு முழுக்க அத்தர் மணம். சுனாமி அன்றைக்கு, செத்தே போனார்கள் என்று அவன் அழுதுகொண்டிருந்தபோது, மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு சொட்டச் சொட்ட வந்து நின்றாளே ஹமீதா, அன்றிலிருந்து இந்த அத்தர். மறுநாள் ஜமாஅத்தில் ஆள் அனுப்பினார்கள். "ரெண்டு மய்யித்து பாய், அடக்கம் பண்ணப் போறோம். வளையல் உங்க வூட்டு வளையல் மாதிரி இருக்குது. ஒரு தடவ முகத்தப் பாத்துடுங்க."

"எம் பொண்டாட்டி வூட்ல டீ போட்டுட்டு இருக்காப்பா."

போய்ப் பார்க்கவில்லை.

"சனோபர், இங்க வாம்மா." கையை நீட்டினான்.

"அவ எங்கிட்டதான் தூங்குவா," என்றாள் ஹமீதா. கையை முதுகுக்குக் கொண்டுபோய், தேடாமலே அட்டையைப் பிய்த்தாள். குழந்தையின் நெற்றியில் ஒட்டினாள். "இந்தாங்க, உங்க அட்டை."

கருவியும் கையுமாகக் குழந்தையை வாரிக்கொண்டு ஓடினான். தெரு. தார் ரோடு. உப்பளத்து வரப்பு. இருபுறமும் வெள்ளை. கடல் காற்று முகத்தில் அறைந்தது. நின்றான். எண்ணினான்.

ஐம்பத்தெட்டு. ஐம்பத்தொன்பது. அறுபது.

கருவி அடங்கவில்லை.

ரெண்டு மய்யித்து என்றார்களே. ரெண்டு.

தோளில் கிடந்த கன்னம் ஐஸாய்க் குளிர்ந்தது. காதோரம் அத்தர்.

"ஏன் அத்தா நின்னுட்டீங்க? அம்மாவும் வர்றாங்க."