மூன்றாவது இருமல்

பானையில் தண்ணீர் நாலு விரல் குறைந்திருந்தது.

ஜஹீதா மூடியைக் கையில் பிடித்தபடியே நின்றாள். விடியுமுன் சஹர் சாப்பாடு முடிந்ததும் அவள்தான் கிணற்றில் இறைத்து, துணியில் வடிகட்டி, பானையைக் கழுத்து வரை நிரப்பி வைத்தவள். அந்தப் பின்கட்டில் இருப்பதே இரண்டு பேர். இரண்டு பேருக்கும் நோன்பு. புருஷன் ஷரஃபுதீன் விடிந்ததும் மவுண்ட் ரோடு தையல் கடைக்குத் துணி வெட்டப் போய்விட்டார். ரமலான் வந்துவிட்டால் பெருநாள் உடுப்புகளின் நினைப்பைத் தவிர வேறு நினைப்பே அவருக்குக் கிடையாது. அப்படியானால் பட்டப்பகலில் இந்தத் தண்ணீரைக் குடித்தது யார்? புதுப் பானையாக இருந்தால் கசிந்திருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். இது மூன்று வருஷத்துப் பானை, அடியில் போட்ட மணல் காய்ந்து கிடந்தது.

குனிந்து விளிம்பை மோந்தாள். வெற்றிலையும் மூட்டுவலித் தைலமும் கலந்த வாடை. சட்டென்று மூடிவிட்டாள். அந்த வாடைக்குச் சொந்தக்காரர் மவுத்தாகி மண்ணுக்குப் போய் அன்றோடு நாலு நாள் ஆகியிருந்தது.

மீர்சாகிப்பேட்டையில் இனாயத் சாயபுவைத் தெரியாதவர்கள் கிடையாது. வீட்டுக்காரர். முன்கட்டில் அவர், பின்கட்டில் இவர்கள், இரண்டுக்கும் நடுவே வெளிச்சம் புகாத ஒரு நீள நடை. நடையின் ஒரு முனையில் தெருக்கதவு, மறுமுனையில் இவர்கள் வீட்டுக் கதவு. பெண்கள் அந்நிய ஆண் கண்ணில் படாத கோஷா வீடு என்றால் ஊர் அறிந்த மரியாதை ஒன்று உண்டு. எந்த ஆண்பிள்ளை வந்தாலும் வெளியே நின்று குரல் கொடுக்க வேண்டும். பெண்பிள்ளை மறைவுக்குப் போகிறவரை காத்திருக்க வேண்டும். சாயபு அந்த மரியாதைக்கும் ஒரு குறுக்கு வழி வைத்திருந்தார். மூன்று தரம் இருமுவார். மூன்றாவது இருமல் முடியும்போது மனுஷன் வீட்டுக்குள் நிற்பார். கேட்டால், "இருமினேனே, காதுல உழலியா?" என்பார்.

வந்து என்ன செய்வாராம்? சட்டி மூடியைத் தூக்கி மோந்து பார்ப்பார். அடுப்புப் புகை சுவரில் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று விரலால் தடவுவார். புதிதாக ஏதாவது ஆணி முளைத்திருக்கிறதா என்று தேடுவார். கொடியில் காயும் அவள் துணிகளை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு நடப்பார். அவ்வளவு நேரமும் ஜஹீதா முக்காட்டை இழுத்து மூடி, அரிசிப் பானைக்கும் சுவருக்கும் நடுவில் முகத்தைச் சுவரோடு பதித்து நிற்பாள்.

"இன்னாமா, இன்னிக்கு மீனா? வாசன முன்கட்டு வரிக்கும் தூக்கிக்கினு வருது," என்று அவள் முதுகோடு பேசுவார்.

ஒருநாள் அவள் தலை வாரிக்கொண்டிருக்கும்போதே வந்துவிட்டார். தரையில் கிடந்த முடி ஒன்றை எடுத்து, விரலில் சுற்றிக்கொண்டே வெளியே போனார். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய விஷயமா அது? தப்பு செய்தவர் அவர், கூசிக் குறுகியது இவள். உலகத்தில் அப்படித்தானே நடக்கிறது.

"வயசானவரு, உடு ஜஹீதா. கெணத்தோட வூடு வேற எங்க கெடைக்குது?" என்று ஷரஃபுதீன் சமாதானம் சொல்வார். இடம் கொடுத்தால் மடம் பிடுங்குகிறவனைப் பற்றி எல்லாரும் சொல்கிறார்கள். மடமே அவனுடையதாக இருந்தால் என்ன செய்வது என்று ஒருத்தரும் சொல்லி வைக்கவில்லை.

அந்த வருஷம் ரமலான் சித்திரை வெயிலில் வந்து விழுந்தது. இரண்டாம் நோன்பன்று அவள் கஞ்சிப் பானையை இறக்கிக்கொண்டிருந்த நேரம், இருமலே இல்லாமல் அவர் பின்னால் வந்து நின்றார். திடுக்கிட்டதில் கொதிக்கிற கஞ்சி இடது பாதத்தில் கொட்டியது. கட்டைவிரலிலிருந்து கணுக்கால் வரை தோல் உரிந்துவிட்டது. "பாத்து செய்யக் கூடாதாமா?" என்று சிரித்துவிட்டுப் போனார். அந்தப் புண்ணைப் பார்த்த பிறகுதான் ஷரஃபுதீனுக்கு ரோஷம் வந்தது. சாயபு பள்ளிவாசலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, நடைக் கதவின் உட்புறம் ஒரு இரும்புத் தாழ்ப்பாள் அடித்துக் கொடுத்தார்.

மறுநாள் பிற்பகல், வெயில் முற்றத்தில் காய்ச்சிய இரும்பாகக் கிடந்த நேரம், மூன்று இருமல் கேட்டது. பிறகு கதவில் தோள் மோதிய சத்தம்.

"இன்னாமா இது, தாப்பாளா? யார கேட்டு அடிச்சீங்க? என் வூட்டுக் கதவு, நான் வரக் கூடாதா?"

கோஷாப் பெண் அந்நிய ஆணுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவுக்கு இந்தப் பக்கம் நின்றாள். ஆஹா, எவ்வளவு இனிப்பாக இருந்தது அந்த மௌனம்! அவர் கத்தினார், தட்டினார். அப்புறம் சுவரை உரசிக்கொண்டு என்னவோ சரிந்தது. கொஞ்ச நேரம் வறட்டு மூச்சு மட்டும் கேட்டது.

"தண்ணி," என்றார். குரல் தரையிலிருந்து வந்தது. "ஒரு வாய் தண்ணி, தாயீ."

நோன்பாளி தண்ணீர் கேட்பானா? நோன்பு திறக்கப் பள்ளிவாசலில் நகரா அடிக்க இன்னும் எவ்வளவோ நேரம் இருக்கும்போது, வாய் கூசாமல்? கதவைத் திறக்க வைக்கிற தந்திரம் என்று நினைத்தாள். நினைத்தாள் என்று ஊருக்குச் சொல்லிக்கொள்ளலாம். உயிர் போகிற நேரத்தில் நோன்பை முறிக்கலாம் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்தக் குரலில் தந்திரம் இல்லை என்பது அவளுக்கும் தெரிந்தது.

திறக்காமல் இருந்ததோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. அவள் என்ன செய்தாள் தெரியுமா? செம்பில் தண்ணீர் மொண்டு வந்து, கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் காதில் விழும்படி, உயரத்திலிருந்து அண்டாவில் மெல்ல மெல்ல ஊற்றினாள். மறுபடி மொண்டாள். மறுபடி ஊற்றினாள். சிரித்துக்கொண்டே ஊற்றினாள். சிந்திய தண்ணீர் தரையில் ஓடிக் கதவுக்கு அடியில் போயிற்று. அந்தப் பக்கம் நகங்கள் மரத்தைப் பிறாண்டின. அப்புறம் அதுவும் நின்றது.

சாயங்காலம் நகரா அடித்த பிறகு வந்த ஷரஃபுதீன்தான் மய்யித்தைப் பார்த்தவர். வாய் கதவின் அடி இடுக்கில் ஒட்டிக் கிடந்ததாம், நாக்கு வெளியே நீண்டு ஈரத்தைத் தொட்டுக்கொண்டிருந்ததாம். மாரடைப்பு என்றார்கள். ஆண் குரல் கேட்டது, திறக்கவில்லை என்று மட்டும் ஜஹீதா சொன்னாள்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். ஊர் ஏசினால் காதைப் பொத்திக்கொள்ளலாம், புகழ்ந்தால்? திருவல்லிக்கேணியிலிருந்து வந்த சாயபுவின் தங்கை அஸ்மத்துன்னிசா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். "நீ இன்னா பண்ணுவே கண்ணு? கோஷாப் பொண்ணு, ஆம்பள கொரலுக்கு எப்டி கதவத் தொறப்பே? தெரிஞ்சிருந்தா ஓடி வந்து தண்ணி குடுத்திருப்பே. இத உன் வூடாவே நெனச்சிக்கோ." அந்தக் கை முதுகைத் தடவத் தடவ ஜஹீதாவுக்கு உடம்பெல்லாம் தீயாய்க் காந்தியது. தலையைக் குனிந்துகொண்டாள். அதையும் அடக்கம் என்றார்கள்.

இப்போது முன்கட்டு பூட்டிக் கிடந்தது. பானையில் தண்ணீர் குறைந்த அன்று சாயங்காலம், நகரா அடிக்கச் சற்று முன்பு, நடையில் ஒரு இருமல் கேட்டது. ஒன்றே ஒன்று.

யாரோ தெருவில் என்று சொல்லிக்கொண்டாள். அன்று ராத்திரி புருஷனிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் என்று உட்கார்ந்தாள்.

"ஏங்க, அன்னிக்கு சாயபு தண்ணி..."

"கடையில எல்லாரும் உன்னப் பத்திதான் பேசிக்கினு கீறாங்க," என்றார் ஷரஃபுதீன், கஞ்சியை உறிஞ்சியபடி. முகம் மலர்ந்திருந்தது. "பொம்பளன்னா அப்டி இருக்கணுமாம். எனக்கு எவ்ளோ பெருமையா கீது தெரியுமா? இன்னா சொல்ல வந்தே?"

"ஒண்ணுமில்லீங்க."

மறுநாள் பானையில் ஒரு சாண் குறைந்திருந்தது. தைல வாடை இப்போது பானையில் மட்டும் இல்லை. கொடியில் காய்ந்த அவள் துணிகளில் இருந்தது, தொழுகைப் பாயில் இருந்தது, சஜ்தாவில் நெற்றி வைக்கும் இடத்தில் இருந்தது. சாயங்காலம் நடையில் இரண்டு இருமல். இரண்டாவது கதவுக்கு மிகப் பக்கத்தில் கேட்டது. அவள் தன்னையறியாமல் அரிசிப் பானைக்கும் சுவருக்கும் நடுவில் போய் நின்றிருந்தாள். மூன்றாவதற்காகக் காத்திருந்தாள். வரவில்லை. வராதது இன்னும் மோசமாக இருந்தது.

மூன்றாம் நாள் பானை காலி.

பகல் முழுக்க அவள் கதவைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். தொண்டை ஒட்டிக்கொண்டது. வெளிச்சம் மஞ்சளாகிச் சிவந்து மங்கியது. எழுந்து கிணற்றில் தண்ணீர் இறைத்துப் பானையை நிரப்பினாள், விளக்கை ஏற்றி வைத்தாள். பிறகு ஒரு முடிவுக்கு வந்தாள். கொடுக்காத தண்ணீரைக் கொடுத்துவிட வேண்டும். மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும். யாருக்கும் தெரியாமல், அந்த ஒருத்தரிடம் மட்டும்.

செம்பு நிறைய மொண்டாள். தாழ்ப்பாளை விலக்கினாள். நடை இருட்டாக, காலியாக இருந்தது. தரை சில்லென்றிருந்தது. இரண்டு எட்டு நடந்து, அவர் சரிந்த இடத்தில் செம்பை வைத்தாள்.

"சாயபு, குடிங்க," என்றாள். "தெரிஞ்சேதான் செஞ்சேன். என்ன மாஃப் பண்ணிடுங்க."

செம்பைச் சுவரோரமாகத் தள்ளி வைத்தாள்.

அப்புறம் இருமல். மூன்றாவது.

நடையில் இல்லை. அவளுக்குப் பின்னால். வீட்டுக்குள்ளே.

திரும்பினாள். கதவு சாத்திக்கொண்டது. நிதானமாக. இரும்பு உரசிற்று. தாழ்ப்பாள். அவளுடைய தாழ்ப்பாள்.

தள்ளினாள். தட்டினாள். "யாரு உள்ள?"

மௌனம். காலி வீட்டின் மௌனம் இல்லை அது. கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மௌனம். அவளுக்கு அது நன்றாகத் தெரியும்.

தெருக்கதவு பத்தடி தூரம். ஓடலாம். புர்க்கா உள்ளே கொடியில் தொங்கியது. கோஷாப் பெண் வெறும் முக்காட்டோடு தெருவில் நின்று கத்துவதா? பேட்டையே புகழ்ந்த பெண்ணா? அந்த நேரத்திலும் அதைத்தான் நினைத்தாள். ஓடவில்லை. சுவரை உரசிக்கொண்டு சரிந்தாள்.

தூரத்தில் பள்ளிவாசல் நகரா அடித்தது. நோன்பு திறக்கிற நேரம். ஊர் முழுக்கத் தண்ணீர் குடிக்கிற நேரம். கை நீட்டிச் செம்பை எடுத்தாள்.

செம்பு காலி. உள்ளே விரல் விட்டாள். உலர்ந்திருந்தது. தூசி.

நாக்கு அண்ணத்தில் ஒட்டியது. கூப்பிட வாயைத் திறந்தாள். வாயிலிருந்து வந்தது இருமல்.

அப்போதுதான் உள்ளே அந்தச் சத்தம் தொடங்கியது. உயரத்திலிருந்து. அண்டாவில். மெல்ல மெல்ல.

கன்னத்தைத் தரையில் வைத்தாள். கதவின் அடி இடுக்கில் கண்ணை வைத்தாள். விளக்கு வெளிச்சம் தெரிந்தது. ஈரத் தரை தெரிந்தது. கதவுக்குப் பக்கத்தில் யாரோ குந்தி உட்கார்ந்திருந்தார்கள். பாதங்கள் மட்டும் தெரிந்தன.

ஆண் பாதங்கள் இல்லை.

இடது பாதத்தில், கட்டைவிரலிலிருந்து கணுக்கால் வரை, தோல் உரிந்த புண்.

சிந்திய தண்ணீர் நூலாக ஊர்ந்து இடுக்கை நோக்கி வந்தது. ஜஹீதா நகங்களால் மரத்தைப் பிறாண்டினாள். நாக்கை நீட்டினாள்.

"தண்ணி," என்றாள். "ஒரு வாய் தண்ணி, தாயீ."

ஊற்றுகிற சத்தம் ஒரு கணம் நின்றது. உள்ளே இருந்தவள் மறுபடி செம்பில் மொண்டாள். மறுபடி ஊற்றினாள்.