இடக் கன்னத்து மை

செவ்வாய்க் கிரகத்தின் தெற்குக் குமிழ்நகரில் அன்று காலை கோதை தன் பிள்ளையின் கழுத்தில் வெந்நீர் ஊற்றித் தலையைத் திருகிக் கழற்றினாள். பதற வேண்டாம். பிள்ளை இன்னும் பிறக்கவில்லை, அது வினைல் பொம்மை.

அங்கே குழந்தை வயிற்றில் வளர்வதில்லை, பிறப்பகத்தின் கருத்தொட்டியில் வளர்கிறது. தம்பதிக்கு ஒரே பிள்ளை, ஒரே வாய்ப்பு. எப்படிப்பட்ட பிள்ளை வேண்டும் என்று வாயால் கேட்டால் பெற்றோர் வேளைக்கு ஒன்று சொல்கிறார்கள். அதனால் பிறப்பகம் ஒரு மாதிரிப் பொம்மையை அனுப்பிவிடும். இருவரின் மரபணுவுக்கும் இயல்பாக எந்த நிறம் வருமோ அந்த நிறத்தில் பொம்மை வரும். பிடித்திருந்தால் அப்படியே திருப்பித் தரலாம், இல்லையென்றால் வேறு பூசித் தரலாம். வருடி என்ற இயந்திரம் மூக்கை மூக்கிலிருந்தும், நிறத்தை இடக் கன்னத்திலிருந்தும் எடுத்துக்கொள்ளும், பிள்ளை அப்படியே பிறக்கும். நகரம் உண்டான நாளிலிருந்து ஒருவர்கூட அப்படியே திருப்பித் தந்ததில்லை.

கோதையும் அவள் கணவன் மாறனும் நல்ல பழுப்பு. பொம்மையும் அதே பழுப்பு.

"அப்படியே உன்னை உரிச்சு வெச்சிருக்கு," என்றான் மாறன் ஆசையாக.

"அதுதாங்க எனக்கு பயமே," என்றாள் கோதை.

மாறனின் அக்கா சாருலதா மேற்பார்வைக்கு வந்து உட்கார்ந்துவிட்டாள். இப்படி ஒரு வேலை நடக்கும்போது யாரும் அவளைக் கூப்பிட வேண்டியதில்லை.

"நல்லா சோப்புத் தண்ணியில ஊறப் போடு கோதை. அச்சுல வார்த்தப்போ ஒட்டின எண்ணெய் போகலேன்னா பெயிண்ட் ஒட்டாது, பாளம் பாளமா உரியும். பிள்ளைக்குத் தேமல் வந்து நிக்கும்."

கோதை ஊறவைத்துக் கழுவி, அசிட்டோனில் பஞ்சை நனைத்துத் துடைத்தாள். ரொம்பத் தேய்த்தால் வினைல் பிசுபிசுத்துப்போகும், அதனால் கை பறந்தது. பஞ்செல்லாம் பழுப்பு. காதுமடலுக்குள் மட்டும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

"அங்க என்ன விட்டு வெச்சிருக்கே? உன் கலரு அப்படியே நிக்குது பாரு!" என்றாள் சாருலதா. அவளும் அதே நிறம்தான். அது யாருக்கு ஞாபகம் வந்தது?

அடுத்தது உப்புத்தாள். மூக்கைக் கொஞ்சம் தேய்த்துக் குறைத்தார்கள். அது மாறன் வீட்டு மூக்கு என்பதால் அவன் முகம் சுருங்கிப்போனது. பிறகு மறுபடி கழுவி, காயவைத்து, அடிப்பூச்சாக வெள்ளைப் பிரைமர் அடித்தார்கள்.

"கையுறை இல்லாம யாரும் தொடாதீங்க! விரல்ல இருக்கிற எண்ணெய் போதும், எல்லாம் பாழ்!" என்று கத்தினாள் சாருலதா.

கடைசியில் 'பால்நிலா' பூசினார்கள். நகரமே பூசும் நிறம் அது. தலையைப் பொருத்தியதும் கோதைக்குக் கண் கலங்கிவிட்டது. "என் தங்கம், எவ்வளவு லட்சணம்!" என்று உருகினாள்.

வாசலைத் தாண்டும்போது சாருலதா தடுத்தாள். "இரு இரு. பிறப்பகத்துல ஊர்க்கண்ணு முழுக்க இதும்மேலதான் விழும்." கையுறையைக் கழற்றினாள். தன் கண்ணிலிருந்து மையை விரலால் வழித்து, பொம்மையின் இடக் கன்னத்தில் வட்டமாக ஒரு பொட்டு வைத்தாள்.

மூவருமே பார்த்தார்கள். ஒருவருக்கும் உறுத்தவில்லை. குழந்தை கன்னத்தில் பொட்டு இருந்தால் நம் கண்ணுக்குத் தெரியாது, இல்லாவிட்டால்தான் தெரியும். வருடிக்குத் திருஷ்டி கிருஷ்டி எல்லாம் தெரியாது. அதற்குக் கன்னம் தெரியும்.

பத்து மாதம் கழித்துத் தொட்டியின் மூடி திறந்தது. உள்ளே மைக் கருப்பில் பளபளவென்று ஒரு பெண்குழந்தை.

"ஐயையோ!" என்று சாருலதா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். கோதைக்கு உயிரே போய்த் திரும்பியது. ஒரே வாய்ப்பு, அதுவும் போச்சு. திருப்பித் தரவா முடியும்? குனிந்து தூக்கினாள். குழந்தை அவள் விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கொட்டாவி விட்டது. அந்தக் கொட்டாவியில் கோதை விழுந்துவிட்டாள். "என் கண்ணே! உன்னை யாருக்கும் தரமாட்டேன்," என்று அழுதாள்.

குழந்தைகள் காப்பகத்தில்தான் கூத்து. அத்தனை பிள்ளைகளும் ஒரே பால்நிலா, ஒரே சின்ன மூக்கு. மாலையானால் பெற்றோர் ஆள் மாற்றித் தூக்கிக்கொண்டு போவார்கள், பாதி வழியில் சண்டையோடு திரும்புவார்கள். மாறன் மட்டும் வாசலிலிருந்தே தன் மகளைப் பார்த்துக் கையாட்டுவான். மெல்ல மெல்லக் கூட்டம் அவளைச் சுற்றியது. "என்னா கலருடா சாமி!" என்று கன்னத்தைக் கிள்ளினார்கள்.

சாருலதாவுக்குப் பகீரென்றது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். கருப்புப் பொட்டு இந்தக் கன்னத்தில் எடுபடாதே! அலமாரியில் மிச்சமிருந்த பால்நிலாவைத் தொட்டு, குழந்தையின் சட்டையில், கண்ணில் படுகிற மாதிரி வெள்ளையாக ஒரு பொட்டு வைத்தாள்.

மறுநாள் பக்கத்து வீட்டு ஜோடி தங்கள் பழுப்புப் பொம்மையோடு வந்து நின்றது. "எங்களுக்கும் இதே கருப்பு வேணும். எப்படிங்க பண்ணீங்க?"

சாருலதா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அது பெரிய விஷயம் இல்லம்மா. மொதல்ல பஞ்சை எடு. அந்தப் பழுப்பு ஒரு பொட்டுகூட மிச்சம் இருக்கக் கூடாது."