"இறுக்குறார்" என்று வந்த புகார்

முதல்லயே சொல்லிடறேன், எனக்கு அடுத்தவங்க வேர்வைன்னா ஆகவே ஆகாது. பஸ்ல ஈரக் கம்பியைத் தொட்டுட்டாக்கூட வீட்டுக்கு வந்து மூணு தடவை கை கழுவுற ஆளு நான். அப்படிப்பட்டவனுக்கு அமைஞ்ச பொழைப்பைப் பாருங்க: வீட்டுக்குள்ளேயே சைக்கிள் ஓட்டுற ட்ரெய்னரை ரிப்பேர் பண்றது. சைக்கிளோட பின்சக்கரத்தைக் கழட்டிட்டு அந்த இடத்துல ஒரு பெட்டியை மாட்டுவாங்க. உள்ளே காந்தம். போன்ல இருக்கிற ஆப் மேடுன்னு சொன்னா காந்தம் பெடலை இறுக்கும், பள்ளம்னு சொன்னா விட்டுடும். அவ்வளவுதான் சங்கதி. ஆனா அது மேல உக்காந்து ஆளாளுக்கு வேர்த்துக் கொட்டுவாங்க, துடைக்க மட்டும் ஒருத்தருக்கும் கை வராது.

அன்னைக்குக் காலையில வந்த புகார்ல ஒரே வரிதான் இருந்துச்சு. "ட்ரெய்னர் ரொம்ப இறுக்குறார்."

இறுக்குறாராம்! மெஷினுக்கு என்னத்துக்கு இவ்வளவு மரியாதைன்னு நானும் ஆபீஸ்ல போன் எடுக்கிற பொண்ணும் விழுந்து விழுந்து சிரிச்சோம். "ஜிம் மாஸ்டரைப் பத்தின புகார் வழி தவறி நமக்கு வந்துடுச்சு அண்ணே"ன்னா அவ. நான் பேனாவை எடுத்து "இறுக்குது"ன்னு திருத்திக்கிட்டுக் கிளம்பினேன்.

ரெண்டாவது மாடி. கதவைத் திறந்த அம்மாவுக்கு அம்பது வயசு இருக்கும். கையில ஊன்றுகோல், இடது முட்டியில பெரிய பட்டை.

"வாங்க தம்பி. செருப்பைக் கழட்ட வேண்டாம். அந்த ரூம்ல தரை ஈரமா இருக்கும்."

"தண்ணி ஒழுகுதா அக்கா?"

அவங்க நடந்துக்கிட்டே தன் கதையைச் சொன்னாங்க. முட்டியில ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டு மாசமாம். தினமும் இருபது நிமிஷம் லேசா மிதிக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்கார். வெள்ளிக்கிழமைக்குள்ள கால் தொண்ணூறு டிகிரி மடங்கணும், இல்லைன்னா மறுபடியும் திறந்துடுவாங்க.

"இன்னொரு தடவை கத்தி வெச்சா நான் எழுந்து நடக்கிறது சந்தேகம்தான் தம்பி. ஆனா இது மேல ஏறினா ரெண்டு நிமிஷத்துல இறுக்க ஆரம்பிச்சுடுறார். முட்டி பிச்சுக்கும் போல இருக்கு."

அன்னைக்குச் செவ்வாய்.

"இதுக்கு முன்னாடி யாரு அக்கா ஓட்டிக்கிட்டிருந்தது?"

"எங்க வீட்டுக்காரர். போய்ச் சேர்ந்து அஞ்சு மாசம் ஆச்சு. இது மேலேயேதான் போனார்."

ரூம் கதவைத் திறந்ததும் அந்த நாத்தம் மூஞ்சியில அறைஞ்சுது. வெளியே பதினோரு மணி வெயில், உள்ளே திரை போட்ட மங்கல். துவைக்காத பனியனை வாரக்கணக்குல வாளியில ஊறப்போட்ட மாதிரி ஒரு புளிச்ச வாடை. அஞ்சு மாசத்துக்கு முன்னாடி போனவரோட வாடை இப்படியா பச்சையா அடிக்கும்? வாயால மூச்சு விட்டுக்கிட்டே பையை இறக்கினேன்.

ஹேண்டில் பூரா வெள்ளையா உப்புப் பூத்துக் கிடந்துச்சு. அதைச் சுத்தியிருந்த டேப்பைப் பிரிச்சா அடியில மஞ்சளா, கொழகொழன்னு என்னமோ. பெட்டியோட மூடியைக் கழட்டினேன். பெல்ட்ல முடி சுத்தியிருந்துச்சு. முடியோட முடியா செதில் செதிலா தோலும் ஒட்டியிருந்துச்சு. சீச்சீ! சாமணத்தால அதை எடுத்துப் போடுறதுக்குள்ள எனக்கு ரெண்டு தடவை ஓங்கரிச்சிடுச்சு.

கீழே விரிச்சிருந்த பாயைத் துணியால துடைச்சேன். திரும்பிப் பார்த்தா மறுபடியும் ஈரம்.

எந்தக் குழாய்லேர்ந்து சொட்டுதுன்னு பார்க்க, சைக்கிளுக்கு அடியில மல்லாந்து படுத்தேன். ஒரு குழாயும் இல்லை. வெறும் சீட்டு, அதுக்கு மேல கூரை.

சொட்டுன்னு ஒண்ணு விழுந்துச்சு.

என் உதட்டுல.

வெதுவெதுப்பா, உப்புக்கரிச்சுக்கிட்டு.

எழுந்து ஓடினேன் பாருங்க, பாத்ரூமுக்கு. அரை சோப்பு கரையுற வரைக்கும் வாயைத் தேய்ச்சேன். எவனோ ஒருத்தனோட வேர்வை என் வாய்க்குள்ளே போயிருக்கு. அதுவும் செத்தவனோடது! வேலையும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்னு பையைத் தூக்கியிருக்கணும். ஆனா அந்த அம்மா வாசப்படியில ஊன்றுகோலோட நின்னுக்கிட்டு என் முகத்தையே பார்த்தாங்க. சரி, இன்னும் பத்து நிமிஷம்னு என்னையே திட்டிக்கிட்டுத் திரும்பினேன்.

போனை எடுத்து ட்ரெய்னரோட இணைக்கப் பார்த்தேன். "வேறொரு சாதனத்துடன் இணைப்பில் உள்ளது"ன்னு வந்துச்சு.

அப்பாடா, இவ்வளவுதானா! தினமும் பார்க்கிற கோளாறு இது. ஒரு நேரத்துல ஒரு போனுக்குத்தான் இது கட்டுப்படும். பக்கத்துல வேற எந்தப் போனாவது முந்திப் பிடிச்சிருந்தா, இறுக்குறதும் விடுறதும் அது கையிலதான்.

"அக்கா, உங்க வீட்டுக்காரர் போன் எங்கே? அதை அணைச்சுட்டா வேலை முடிஞ்சுது."

அவங்க முகம் வெளுத்துப் போச்சு. "அது அவர்கூடவே போயிடுச்சு தம்பி. போகும்போது கையில இறுக்கிப் பிடிச்சிருந்தார். விரலைப் பிரிக்க முடியலை. அப்படியே புதைச்சுட்டோம்."

நேரா போய் ப்ளக்கைப் பிடுங்கினேன். கரண்ட் இல்லைன்னா காந்தம் வேலை செய்யாது, பெடல் பொம்மை சைக்கிள் மாதிரி லேசா சுத்தணும். ஏறி உக்காந்து மிதிச்சேன்.

லேசாத்தான் இருந்துச்சு.

அப்புறம் இறுகிச்சு. இன்னும் இறுகிச்சு.

முதுகுல ஒரு கை பதிஞ்சுது. அகலமான, சொதசொதன்னு ஈரமான கை. சட்டையைத் தாண்டித் தோல்ல ஒட்டிக்கிச்சு. காதோரத்துல அதே புளிச்ச வாடை.

"இன்னும் கொஞ்சம்."

நான் குதிச்ச குதியில சைக்கிளே சாய்ஞ்சுது. வாசப்படியில அந்த அம்மா அழுதுக்கிட்டிருந்தாங்க.

"உயிரோட இருக்கும்போதும் என்னை இது மேல ஏத்திவிட்டு அப்படித்தான் சொல்வார். முதுகுல ஒரு கை, போன்ல ஒரு கை. போதுங்கன்னு கெஞ்சினாலும் இறுக்கிக்கிட்டே இருப்பார். என் முட்டி போனதே அப்படித்தான் தம்பி."

எனக்குப் பயம் போய் ஆத்திரம் வந்துடுச்சு. செத்தும் விடாத சனியன்! எங்க தொழில்ல ஒரு தந்திரம் உண்டு. பெட்டி உயிர் பெறுற நொடியில எந்தப் போன் முந்துதோ அதுக்குத்தான் பிடி. சைக்கிளை நிமிர்த்தி, என் போனைப் பெட்டி மேலேயே வெச்சு, "இணை" பட்டன்ல கட்டைவிரலைத் தயாரா நிறுத்திக்கிட்டு, ப்ளக்கைச் சொருகினேன்.

"இணைக்கப்பட்டது."

பெடல் பொசுக்குன்னு தளர்ந்துச்சு. அந்த அம்மா மெதுவா ஏறி உக்காந்து மிதிச்சாங்க. ரெண்டு நிமிஷம், அஞ்சு நிமிஷம், இருபது நிமிஷம். பாய் காய்ஞ்சு கிடந்துச்சு. ரூம்ல வாடையே இல்லை. "பஞ்சு மாதிரி இருக்கு தம்பி"ன்னு சின்னப் பிள்ளை மாதிரி சிரிச்சாங்க. எனக்கும் அப்படி ஒரு பெருமை.

மாடிப்படி இறங்கும்போதுதான் கவனிச்சேன். இறங்குறேன், ஆனா ஏறுற மாதிரி கால் கனக்குது.

முப்பதடி தள்ளிப் போனாலே அறுந்துடுற இணைப்பு அது. தெருமுனையில போனைப் பார்த்தேன். "இணைப்பில் உள்ளது." வீட்டுக்கு வந்து பார்த்தேன். அப்பவும் அதேதான்.

"ஏங்க, யாரு உங்க முதுகுல கை வெச்சது?"ன்னு என் வீட்டுக்காரி சட்டையைப் பிடிச்சுத் திருப்பினா. அஞ்சு விரலும் ஈரமாப் பதிஞ்சிருந்துச்சு. "உவ்வே, என்ன நாத்தம் இது!"

ஆப்ல "துண்டி"ன்னு ஒரு பட்டன் இருக்கு. அழுத்தினா என்னை விட்டுட்டு அங்கேயே திரும்பிடுவார். ஆனா அங்கே அந்த அம்மா தினமும் மிதிச்சுக்கிட்டிருக்காங்களே. வெள்ளிக்கிழமை வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கலாம்னு முடிவு பண்ணினேன். மூணு நாளா சமதரையில மலை ஏறினேன். ஒரு நாளைக்கு ஆறு தடவை குளிச்சும் வாடை போகலை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் போன் வந்துச்சு. "தொண்ணூத்தஞ்சு டிகிரி தம்பி! ஆபரேஷன் வேண்டாம்னுட்டார் டாக்டர். ட்ரெய்னரைக் கழட்டி இரும்புக் கடையில போட்டுட்டேன். எங்க வீட்டுக்காரர் எங்கே போனாரோ, நான் நிம்மதியா இருக்கேன்."

பேசி முடிச்ச கையோட "துண்டி"யை அழுத்தினேன். அழுந்தலை. ஈரக் கையைப் போன் ஏத்துக்காது, உங்களுக்கே தெரியும். விரலைத் துடைச்சேன். காய்ஞ்ச விரல்தான். ஈரம் திரையில இருந்துச்சு. துடைக்கத் துடைக்கப் பூத்துச்சு.

இன்னைக்கு ஆபீஸ் வாசல்ல ரெண்டே ரெண்டு படி ஏற அரை நிமிஷம் ஆச்சு. போன் எடுக்கிற பொண்ணு சிரிச்சுக்கிட்டே கேட்டா: "என்ன அண்ணே, கால் இறுக்குதா?"

"இறுக்குறார்"னு திருத்தினேன்.

அவ சிரிக்கலை. என் தோளுக்குப் பின்னால எதையோ பார்த்துக்கிட்டே மூக்கைப் பொத்திக்கிட்டா.