அள்ளிக்கொண்டு போன சணப்பை

“யாரைக் கேட்டு வெட்டினீங்க?”

குரல் வந்த வேகத்தில் முதாசிர் கையிலிருந்த அரிவாளைக் கீழே போட்டுவிட்டான். எதிரே ஒரு பெண்... கோபத்தில் அகன்ற கண்கள். அடடா, இத்தனை நாள் சேலையூரில் இந்தக் கண்கள் எங்கே இருந்தன? ரசிக்கிற நேரமா இது! அவள் வீட்டுப் பின்மனை மொட்டையாகக் கிடந்தது.

“நலச் சங்கத்துல இருந்து வர்றோங்க. சிக்குன்குனியா பரவுதில்ல... புதரெல்லாம் கிளியர் பண்ணச் சொல்லி...”

“புதரா? அது சணப்பைங்க! நான் விதைச்சது!”

அவன் விழித்தான். பின்னே, இந்தப் புத்திசாலிக்கு என்ன தெரியும்? கட்டட இடிபாட்டைக் கொட்டி நிரப்பிய மண் அது. அதில் சணப்பையை நெருக்கமாக விதைத்து, பூக்கும்போது வெட்டி, அங்கேயே பரப்பிவிட்டால் மண்ணுக்கு உயிர் வரும் என்று ஒரு பயிற்சி முகாமில் கற்றுக்கொண்டு வந்திருந்தாள் அந்தப் பெண், தபஸ்ஸும். இடுப்புயரம் வளர்ந்து, முதல் மஞ்சள் பூ நேற்றுத்தான் எட்டிப் பார்த்தது.

“பூத்ததும் நானே வெட்டத்தான் இருந்தேன். வெட்டினதுகூடப் பரவாயில்ல. அள்ளிட்டுப் போனீங்களே, அதான் அநியாயம்! எங்க என் செடி?”

“குப்பை டிராக்டர்ல... ஏத்தியாச்சுங்க.”

“கொசு என்ன சணப்பை இலையிலயா முட்டை போடுது? உங்க சங்கத்து வாசல்ல தண்ணி தேங்கிக் கிடக்கிற டயரை முதல்ல எடுங்க!”

கூட வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அங்கேதான் அவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

“ஊர் நல்லதுக்குச் செஞ்சோம். இதுக்கெல்லாம் ஸாரி கேக்க முடியாது!”

போயே விட்டான். என்ன திமிர்!

அவளுடைய அத்தா அப்துல் கஃபாருக்குக் கேம்ப் ரோட்டில் ஹார்டுவேர் கடை. அந்த மனையில் குடோன் போட வேண்டும் என்று அவருக்கு ஆசை. ‘இந்த மண்ணுல கத்தரி காய்க்க வெச்சுக் காட்டு, இல்லேன்னா ஷெட்’ என்று மகளுக்கு நிபந்தனை போட்டிருந்தார். இப்போது வெறுந்தரையைப் பார்த்துவிட்டு, “இனிமே எதை வெச்சு மண்ணைத் தேத்துவே? நாளைக்கு ஷீட் இறக்கச் சொல்லிடறேன்மா” என்றார்.

அவளுக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது. ஆத்திரத்துக்கு நடுவே அவன் முகம் வேறு வந்து நின்றது... சீ!

மறுநாள் காலை. மழை சோவென்று கொட்டிக்கொண்டிருக்க, வாசலில் ஒரு ‘குட்டி யானை’ லோடு வண்டி வந்து நின்றது. தொப்பலாக நனைந்து இறங்கினான் முதாசிர். தலைமுடியில் இலை, சட்டையெல்லாம் குப்பை நாற்றம்... வண்டி நிறையச் சணப்பை!

“குப்பை மேட்டுல தேடினேன். பாதிக்கு மேல கிடைச்சுடுச்சு” என்றான் அவளிடம். பிறகு வெளியே வந்த அப்துல் கஃபாரைப் பார்த்து, “தப்பு என்னோடது பாய். ஷெட் விஷயத்தை உங்க கடைப் பையன் சொன்னான். நான் அவசரப்பட்டதுக்கு உங்க பொண்ணு ஏன் தோக்கணும்? ஷெட்டைத் தள்ளிப் போடுங்க” என்றான்.

அத்தா அவனையும் பார்த்தார், மகளையும் பார்த்தார். “அடுத்த மழைக்காலம் வரைக்கும் டைம். அதுக்கு மேல கேக்காதீங்க” என்று உள்ளே போய்விட்டார்.

தபஸ்ஸும் இடுப்பில் கை வைத்தாள். “ஸாரி கேக்க முடியாதுன்னீங்க?”

“இப்ப கேக்கறேன்... ஸாரிங்க. நேத்து நீங்க கேட்டதுல ஒரு வார்த்தைகூடத் தப்பில்ல. இன்னொண்ணு...” குரல் இறங்கியது. “எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. எங்க வீட்லேருந்து வந்து பேசச் சொல்லட்டுமா?”

கன்னம் சூடாயிற்று அவளுக்கு. மழையிலும் சூடு!

“பேசச் சொல்லுங்க. எனக்கும் பிடிச்சுத்தான் தொலைச்சிருக்கு. ஆனா கோபம் போகல... இப்போதைக்குப் போகாது. கோபத்தோட சேர்த்துக் கட்டிக்க முடியுமா?”

“முடியும்” என்றான், யோசிக்காமல்.

“அப்போ நின்னு சிரிக்காதீங்க. குவிச்சு வெச்சா அழுகிடும். அந்தச் செடிக் கட்டுகளைப் பிரிங்க... பரப்பணும்!”