புளித்துப்போன முந்நூறு பாட்டில்

“ஏனுங்க, மாரியாயிய வேலைய உட்டு நிறுத்திட்டேனுங்க. ஆனா மனசு ஒப்பலீங்க” என்று சுசீலா வந்து நின்றபோது நாச்சிமுத்து பாதி சவரத்தில் இருந்தார். ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளரான அவரிடம், போலீசுக்குக் கொண்டுபோக முடியாத வழக்குகளைக் குன்னூர்க்காரர்கள் கொண்டுவருவார்கள். பக்கத்தில் ஜீப் டிரைவர் அய்யாவு. வழக்கைக் கேட்கும் முன்பே குற்றவாளியைப் பிடித்துவிடுகிற மனுஷன்.

சுசீலா நடத்தும் ஜிஞ்சர் பீர் ஆலை, அவள் மாமனார் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டில் குன்னூர் பக்கத்துக் கேத்தியில் தொடங்கியது. இஞ்சிப் பானம்தான், போதை கிடையாது. பட்டாளத்தாருக்குக் காரம் தூக்கலாக ஒன்று, டூரிஸ்டுகளுக்கு லேசாக ஒன்று, எலுமிச்சை கலந்து ஒன்று என மூன்று ரகம். பச்சைத் தேயிலை விலை அதலபாதாளத்துக்குப் போன இந்த வருஷத்திலும் ஆலை எப்படியோ ஓடியது. எஸ்டேட் மூடி வேலை போன மாரியாயிக்கு, அங்கே இஞ்சித் தண்ணீர் காய்ச்சும் வேலைதான் சோறு போட்டது. அதுவும் போனால் மலையில் வேறு வேலை இல்லை.

நடந்தது இதுதான். போன வாரம் திங்கட்கிழமை மாரியாயி லீவு; புது மேனேஜர் பாலசுப்பிரமணியம் தனியாகக் காய்ச்சினார். செவ்வாய் அவள் காய்ச்சினாள். இரண்டையும் ஒரே தொட்டியில் கலந்து, ஈஸ்ட் போட்டு, பாட்டிலில் அடைத்தார்கள். முந்நூறும் புளித்து நாறிவிட்டன. சரியாகக் கொதிக்காத தண்ணீர் அப்படித்தான் செய்யும்.

“போட்டிக் கம்பெனிக்காரன் வேலைங்க!” என்றார் அய்யாவு.

“கேத்தியில வேற கம்பெனியே இல்லியே” என்று நாச்சிமுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஆலையில் பாலசுப்பிரமணியம் நோட்டும் கையுமாக நின்றார். கோயம்புத்தூரிலிருந்து வந்து இரண்டே வாரம்.

“தெர்மாமீட்டர் வாங்குனது, நோட்டு போட்டது எல்லாம் நானுங்க. போன வாரந்தான் ஆரம்பிச்சோம், இந்த ரெண்டு நாள் கணக்குத்தான் இருக்கு. பாருங்க, திங்கள் என் கையெழுத்து: நூறு டிகிரி, இருபது நிமிஷம். செவ்வாய் இந்தம்மா: தொண்ணூத்தி மூணு. கொதிக்கவே விடலீங்க. அவங்களே எழுதிக் குடுத்துட்டாங்க!”

“தளதளன்னு கொதிச்சுதுங்க. அது காட்டுனதத்தான் எழுதுனேன்” என்றாள் மாரியாயி.

“சோலி முடிஞ்சுது” என்று அய்யாவு முணுமுணுத்தார்.

“ஒரு சட்டி தண்ணி காய்ச்சலாமுங்களா?” என்றார் நாச்சிமுத்து.

எல்லோரும் அடுப்பைச் சுற்றி நின்றார்கள். தண்ணீர் குமுறிக் கொதித்தது. தெர்மாமீட்டர் தொண்ணூற்று மூன்றில் நின்றது. அய்யாவு இன்னும் நாலு விறகைத் திணித்தார். ஆவி கூடியது, டிகிரி கூடவில்லை.

“தெர்மாமீட்டர் கோளாறுங்க” என்றார் மேனேஜர்.

“அப்பறம் திங்கக்கிழமை உங்களுக்கு மட்டும் எப்படி நூறு காட்டுச்சு?” என்று கேட்டார் நாச்சிமுத்து.

பிறகு சுசீலாவிடம் திரும்பினார். “மலை ஏற ஏற காத்தோட அழுத்தம் குறையுமுங்க. தண்ணி நூறு டிகிரிக்கு முன்னாலயே கொதிச்சிரும். இங்க குக்கர் இல்லாம பருப்பு வேகாதே, அதனாலதான். கேத்தியில தொண்ணூத்தி மூணுதான் கொதிநிலை. அடுப்புகிட்ட நின்னவங்க அதைத்தான் எழுதுவாங்க. நூறுன்னு எழுதுனவர் அடுப்பைப் பாக்கவே இல்ல.”

பாலசுப்பிரமணியத்தின் முகம் செத்துப்போனது. “விறகு ஈரமுங்க, சரியாப் பத்தல. ஊருக்குப் பஸ் வேற போயிரும்னு... வெதுவெதுப்பா இருக்கறப்பவே எறக்கிட்டேன். பள்ளிக்கூடத்துல படிச்சத எழுதிட்டேனுங்க.”

அய்யாவு, “எனக்கு அப்பவே சந்தேகமுங்க!” என்றார். யாரும் அதைக் காதில் வாங்கவில்லை.

“நாளைலருந்து வந்துரு மாரியாயி” என்றாள் சுசீலா.

“வர்றேனுங்க. ஆனா மூணு நாளா எஸ்டேட் லைன் வீடு பூராவும் என்னைப் பீரைக் கெடுத்தவளுன்னுதான் பேசுது. எம்மக தண்ணி புடிக்கப் பைப்படிக்குப் போகவே கூசுறா. ஒருத்தர்கூட அடுப்பு மூட்டிப் பாக்கலியேங்க! வேலை மட்டும் குடுத்தாப் பத்தாது. அங்க வந்து சொல்லோணும்.”

சுசீலா போய் ஜீப்பில் ஏறிக்கொண்டாள்.

லைன் வீடுகளின் பைப்படியில் பத்துப் பதினைந்து பெண்கள் குடத்தோடு நின்றிருந்தார்கள். “மாரியாயி மேல தப்பில்லீங்க. தப்பு எங்க பக்கந்தான்” என்றாள் சுசீலா. முன்னால் நின்றவர்களுக்கு மட்டும்தான் கேட்டது.

“பின்னால நிக்கறவங்களுக்குக் கேக்கலீங்க” என்றாள் மாரியாயி.

சுசீலா மறுபடியும் சொன்னாள், சத்தமாக.