புள்ளி இல்லாத அட்டை

காலை பதினொரு மணிக்குள் ஜெசிந்தா நான்கு புத்தகங்களுக்குச் சொல் கொடுத்துவிடுவாள். புத்தகத்துக்குப் பத்துச் சொற்கள். கடல், பகை, வெளிறிய மஞ்சள், இப்படி. அட்டை வடிவமைப்பாளரின் வேலை அத்துடன் முடிந்தது. மீதியை அட்டையாக ஒட்டிய நெகிழ்தாள் பார்த்துக்கொள்ளும். வாசகர் புத்தகத்தை எடுத்ததும் அது விரலை அடையாளம் காணும். அவர் இதுவரை எந்தப் படங்களில் கண்ணை நிறுத்தினாரோ, அவற்றைக் கொண்டு அட்டையை வரையும். ஒருவர் பார்த்த அட்டையை இன்னொருவர் பார்ப்பதில்லை.

பத்தொன்பது ஆண்டுகள். ஏறக்குறைய இருபதாயிரம் புத்தகங்கள். படிப்பு முடித்த நாளில் கழுவி வைத்த தூரிகையை அவள் பிறகு எடுக்கவில்லை.

'ஏழாம் பாத்தி' உப்பளத் தொழிலாளி பேச்சியம்மாள் எழுதிய நாவல். தூத்துக்குடியில் மரியதாஸ் தனியாளாக நடத்தும் பதிப்பகத்துக்கு வந்தது. மாதிரிப் பிரதியை ஜெசிந்தாவின் கையிலிருந்து வாங்கிய பேச்சியம்மாள் வெகுநேரம் பார்த்தாள். அவள் விரலுக்குத் தாள் செவ்வந்தித் தோட்டம் காட்டியது.

"எக்கா, எங்கதையில பூவே கெடையாதே."

ஜெசிந்தா மறுநாள் உப்பளத்துக்குப் போனாள். ஆறு நாள் வரைந்தாள். வெள்ளைப் பாத்திகள், வெடித்த ஒரு குதிகால். தலைப்பையும் கையால் எழுதினாள். சாதாரணத் தாளில், மாறாத மையில் அச்சிட வேண்டும் என்றாள்.

மரியதாஸ் தயங்கினார். நிலையட்டைப் புத்தகத்தைக் கடைகள் வாங்காது. வடிவமைப்பாளர்களுக்கு அனுமதி தரும் அட்டைப் பதிவகம் அவள் பெயரை நீக்கிவிடும். பிறகு எந்தப் பதிப்பகமும் அவளிடம் சொல் கேட்க முடியாது. இதை இரண்டு முறை சொன்னார். அவள் அச்சு ஒப்புதலில் கையெழுத்திட்டாள்.

முந்நூறு பிரதிகள் வந்தன. புத்தகக் காட்சி தொடங்கிய காலையில் கட்டைப் பிரித்த மரியதாஸ் அட்டையைத் தூக்கிப் பிடித்தார்.

"ஜெசி, 'ம்'முக்குப் புள்ளி எங்க?"

பார்த்தாள். ஏழாம பாத்தி. தட்டச்சில் புள்ளி தானாக விழும். கைக்கு அது பழக்கம் விட்டுப் போயிருந்தது.

"வைக்க மறந்துட்டேன்."

"இனி மாத்தவும் முடியாதே."

"முடியாது. அதுக்குத்தானே இந்தப் பாடு."

மதியம் வரை ஒருவரும் வரவில்லை. பிறகு செவிலியர் உடையில் ஒரு பெண் வந்து ஒரு பிரதியை எடுத்தாள். அட்டையை விரலால் தேய்த்தாள். மாறவில்லை. மறுபடி தேய்த்தாள்.

"இதுல ஒரு புள்ளி விட்டுப்போச்சு" என்றாள்.

அதற்குள் பக்கத்தில் வந்து இன்னொரு பிரதியைப் புரட்டிக்கொண்டிருந்த துறைமுக ஊழியர் தன் கையிலிருந்ததைத் திருப்பிப் பார்த்தார்.

"இதுலயும் இல்லியே."

அவள் நிமிர்ந்தாள். "உங்களுக்குக் குதிகால் தெரியுதா?"

"தெரியுது. வெடிச்சது."

இரண்டு பிரதிகளையும் மேசையில் அருகருகே வைத்தார்கள். முன்பின் தெரியாதவர்கள். அந்தக் குதிகால் ஆணுடையதா பெண்ணுடையதா என்று அரை மணி நேரம் வாதாடினார்கள். முடிவுக்கு வராமல் ஆளுக்கொன்று வாங்கிப் போனார்கள்.

பதிவகத்தின் நீக்கக் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. ஜெசிந்தா அதைப் படித்து, நான்காய் மடித்து, தூரிகை துடைக்க வைத்துக்கொண்டாள். மரியதாஸ் அடுத்த நாவலை மேசையில் வைத்தார். சொல் கேட்கவில்லை. தலைப்பில் மூன்று மெய்யெழுத்துகள் இருந்தன.

அவள் தாளை விரித்தாள். முதலில் மூன்று புள்ளிகளை வைத்தாள்.